ஹோமரை வசனமாக்கியவர்



மொழிபெயர்ப்புக் கலையைப் பற்றிப் பேச எண்ணியபோது, அதன் இலக்கணத்தை விரித்துரைப்பதைக் காட்டிலும், அந்தக் கலையிலேயே தோய்ந்து கனிந்த ஒரு மனிதரின் வாழ்க்கையைச் சொல்வதே மேல் என்று எனக்குத் தோன்றிற்று. அவர் எமில் விக்டர் ரியூ. கிரேக்க மகாகவி ஹோமருடைய ஒடிஸியை ஆங்கில வசனத்தில் தந்தவர்; தொழிலால் புத்தகப் பதிப்பாளர்.

1887-இல் லண்டனில் பிறந்தார். தந்தையார் சார்ல்ஸ் ரியூ, ஸ்விட்சர்லாந்திலிருந்து வந்து பிரிட்டிஷ் மியூசியத்தில் கீழ்த்திசைச் சுவடிகளின் காப்பாளராக இருந்து, அங்குள்ள பாரசீகக் கையெழுத்துப் பிரதிகளுக்கெல்லாம் அட்டவணை வகுத்த பெரும் பண்டிதர். மகன் ஆக்ஸ்போர்டில் பேலியல் கல்லூரியில் கிரேக்கமும் லத்தீனும் கற்று, 1910-இல் ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகப் பதிப்பகத்தில் சேர்ந்து, இரண்டே வருஷங்களில் அதன் இந்தியக் கிளையை நிறுவுவதற்காகப் பம்பாய்க்கு வந்தார். முதல் உலக யுத்தத்தின்போது மராட்டியக் காலாட்படையில் பணியாற்றினார். பிறகு இங்கிலாந்து திரும்பி மெத்யூன் பதிப்பகத்தில் சேர்ந்து நிர்வாக இயக்குநர் பதவி வரை உயர்ந்தார். குழந்தைகளுக்குப் பாட்டும் எழுதினார். இவ்வளவும் ஒரு நல்ல உத்தியோகஸ்தருடைய ஜாதகம். இதோடு நின்றிருந்தால் இன்று நான் அவரைப் பற்றிப் பேச நேர்ந்திராது.

இரண்டாம் உலக யுத்தம் மூண்டு, லண்டன் மாநகரத்தின் மீது இரவுதோறும் குண்டுகள் விழுந்துகொண்டிருந்த காலத்தில், ஐம்பது வயதைத் தாண்டிய ரியூ, தம் மனைவி நெல்லியின் எதிரே அமர்ந்து, கிரேக்க மூலத்தைக் கையில் வைத்துக்கொண்டு, ஒடிஸியை வாய்மொழியாகவே ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டு போவாராம். அந்த அம்மையாருக்குக் கதையில் உண்டான ஈடுபாடுதான், அதை எழுத்தாக்கும்படி அவரைத் தூண்டியது. ஆகவே அந்த மொழிபெயர்ப்பு கண்ணுக்கு முன்பே காதுக்குப் பிறந்தது. எதிரே இருப்பவருக்கு ஒரு வாக்கியம் விளங்கவில்லையென்றால் அவர் முகமே சொல்லிவிடும். அதைவிடக் கடுமையான பரீட்சை எந்தப் பண்டித சபையிலும் கிடையாது என்பது என் அபிப்பிராயம்.

பென்குயின் பதிப்பகத்தை நடத்திய ஆலன் லேன், சகாக்களின் தயக்கத்தையும் மீறி அதை ஏற்றுக்கொண்டார். ஒடிஸிக்குத்தான் ஏற்கெனவே எத்தனையோ மொழிபெயர்ப்புகள் உண்டே, இன்னொன்றை யார் வாங்குவார்கள் என்பது அவர்களுடைய கேள்வி. 1946 ஜனவரியில் பென்குயின் கிளாசிக்ஸ் வரிசையின் முதல் நூலாக அது வெளிவந்தது. காலப்போக்கில் முப்பது லட்சம் பிரதிகளுக்குமேல் விற்றது. பழுப்பு விளிம்பிட்ட அட்டையின் நடுவே, சிறு வட்டத்துக்குள் ஒரு கப்பல் வரைந்த அந்தப் புத்தகத்தை, நடைபாதைக் கடை ஒன்றில் முதுகு கிழிந்த நிலையில் வாங்கியவன் நான். கிரேக்கத்தில் ஓர் எழுத்தும் அறியாத எனக்கு ஹோமரின் வாசலைத் திறந்துவிட்டது அதுதான்.

அந்நூலின் நயத்தை ஓர் இடத்தைக்கொண்டு சொல்லுகிறேன். இருபது வருஷங்களுக்குப் பின் பிச்சைக்காரனைப்போல் வேஷமிட்டுத் தன் வீட்டுக்கே வந்திருக்கும் கதாநாயகன் ஒடிஸியஸின் கால்களை, அவனை வளர்த்த கிழச் செவிலி யூரிக்ளியா கழுவுகிறாள். இளமையில் காட்டுப்பன்றி குத்திய தழும்பு அவள் கையில் தட்டுப்படுகிறது. பிடித்த காலை விட்டுவிடுகிறாள். கால் விழுந்த வேகத்தில் வெண்கலத் தாம்பாளம் சாய்ந்து, நீரெல்லாம் தரையில் ஓடுகிறது. ஆனால் தழும்பை அவள் உணர்ந்ததற்கும் நீர் கொட்டுவதற்கும் இடையே, அந்தப் பன்றி வேட்டையின் கதை முழுவதையும் நிதானமாகச் சொல்லி நம்மைக் காக்க வைக்கிறார் ஹோமர். இத்தகைய இடத்தில் மொழிபெயர்ப்பாளன் சற்றே தடுமாறினாலும் கேட்பவன் இழையைத் தவறவிட்டுவிடுவான். ரியூவின் வசனமோ தெளிந்த நீரோடைபோல் வேட்டைக் காட்டைச் சுற்றி வந்து, பிசகாமல் அந்தத் தாம்பாளத்தின் அருகே நம்மைக் கொண்டு சேர்க்கிறது. ஒடிஸியை நாவல்களுக்கெல்லாம் மூதாதை என்று கருதியவர் அவர்; அந்தக் கொள்கையே வசன நடையைத் தேர்ந்துகொடுத்தது.

இழப்பு இல்லையா என்றால், உண்டு. ஹோமரில் விடியற்காலம் எத்தனை முறை வந்தாலும் ரோஜா விரல்களோடுதான் வரும். வீரர்களுக்கும் கடலுக்கும் கப்பலுக்கும் மாறாத அடைமொழிகள் உண்டு. வாய்மொழிப் பாணர் மரபில் வந்த அந்த ஆவர்த்தனம் மூலத்துக்குத் தாளம் போன்றது. வசனத்தில் அது சலிப்பூட்டுமென்று அஞ்சி, ரியூ இடத்துக்கிடம் சொல்லை மாற்றினார். சில இடங்களில் தணித்தார். அவருடைய தேவர்கள் ஆங்கிலக் கனவான்களைப்போல் பேசுகிறார்கள் என்று குறை கூறிய விமர்சகர்களும் இருக்கிறார்கள். அது நியாயமான குறையே. ஆயினும் கதையின் ஓட்டம் ஒன்று, தாளம் ஒன்று என்று இரண்டில் ஒன்றையே காப்பாற்ற முடியுமானால், கிரேக்கம் கற்கப்போகாத லட்சக்கணக்கான வாசகர்களின் பொருட்டு ஓட்டத்தைக் காப்பாற்றியவரை நான் மனமாரப் போற்றுகிறேன்.

1944 முதல் இருபது வருஷகாலம் பென்குயின் கிளாசிக்ஸ் வரிசைக்குப் பதிப்பாசிரியராகவும் அவரே இருந்தார். பல்கலைக்கழக ஆசிரியர்கள் பலருக்கு வாசிக்கத்தக்க ஆங்கிலம் கைவரவில்லை என்று கண்டு, எழுத்தையே தொழிலாகக் கொண்டவர்களை நாடினார். தாந்தேக்கு டாரதி சேயர்ஸும், அபுலேயஸுக்கு ராபர்ட் கிரேவ்ஸும் அப்படி வந்தவர்கள். இடையிடையே தாமும் வர்ஜிலின் முல்லைப் பாடல்களையும், 1950-இல் இலியட்டையும் மொழிபெயர்த்தார்.

பிறகு நான்கு சுவிசேஷங்களில் கைவைத்தார். 1952-இல் அவை வெளிவந்தன. அப்பா சுவிசேஷங்களை என்ன செய்யப்போகிறார் என்பதைவிட, சுவிசேஷங்கள் அப்பாவை என்ன செய்யப்போகின்றன என்பதைத்தான் பார்க்கவேண்டும் என்று அப்போது அவருடைய மகன் சொன்னாராம். 1953-இல் ஜே. பி. பிலிப்ஸ் என்ற பாதிரியாருடன் பி.பி.சி. வானொலியில் உரையாடுகையில் ரியூவே இதை நினைவுகூர்ந்து, அந்த வேலை தம்மை மாற்றிவிட்டதை ஒப்புக்கொண்டார். மூலம் அதன் முதல் வாசகர் நெஞ்சில் எழுப்பிய உணர்ச்சியை, இயன்றவரை, தம் வாசகர் நெஞ்சிலும் எழுப்பவேண்டும் என்பது அவர் கைக்கொண்ட விதி. அந்த உணர்ச்சி முதலில் மொழிபெயர்ப்பவன் நெஞ்சில் எழாமல் எங்ஙனம் பிறர் நெஞ்சுக்குப் போகும்?

1972-இல் ரியூ காலமானார். 1991-இல் அவருடைய மகன் டி. சி. எச். ரியூ, யுத்த கால இரவுகளில் தம் தாயார் கேட்ட அந்த ஒடிஸியை எடுத்து, கிரேக்க மூலத்துக்கு இன்னும் நெருங்கி நிற்குமாறு திருத்தி வெளியிட்டார். அதில் மொழிபெயர்ப்பாளர் என்ற இடத்தில் தந்தையின் பெயரே நிற்கிறது. திருத்தியவர் என்று மட்டும் தம் பெயரைச் சேர்த்துக்கொண்டார் மகன்.