பழுதுற்ற பழங்கணிப்பொறி



இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள் உங்களுக்குச் சற்று வியப்பைத் தரலாம். புதிய கணிப்பொறி ஒன்றைப் பற்றிப் பேசினால் கேட்பதற்கு ஆயிரம் செவிகள் உண்டு. நான் பேசப்போவதோ, நாற்பது ஆண்டுகளுக்கு முன் பிறந்து, பரணிலே கிடந்து, துருவும் தூசியும் ஏறி, இனி உதவாது என்று ஒதுக்கப்பட்ட ஒரு வீட்டுக் கணிப்பொறியைப் பற்றி. அதனை மீண்டும் இயங்கச் செய்வது எவ்வாறு? செய்வதால் விளையும் பயன் யாது? இவ்விரு வினாக்களுக்கும் விடை காண முயல்வோம்.

பொதுப்படப் பேசுவதைவிட, ஒரு பொறியைச் சுட்டிக்காட்டிப் பேசுவது தெளிவு தரும். வானொலியில் பேசுகிறேன் ஆதலால், ஒரு வானொலி நிறுவனத்தின் பெயரையே தாங்கி வந்த கணிப்பொறியை எடுத்துக்கொள்கிறேன். அதன் பெயர் பி.பி.சி. மைக்ரோ. பிரிட்டிஷ் ஒலிபரப்புக் கழகம் தன் நாட்டு மக்களுக்குக் கணிப்பொறிக் கல்வி புகட்ட ஒரு திட்டம் வகுத்தது. அத்திட்டத்திற்கென, கேம்பிரிட்ஜ் நகரத்து ஏகார்ன் நிறுவனம் 1981ஆம் ஆண்டின் இறுதியில் இப்பொறியை வெளியிட்டது. 1982 ஜனவரியில் இதனைத் துணையாகக் கொண்டு தொலைக்காட்சிப் பாடங்கள் தொடங்கின. நாளடைவில் பத்து லட்சத்திற்கும் மேற்பட்ட பொறிகள் விற்பனையாயின. பிரிட்டனின் பள்ளிகளில் ஒரு தலைமுறை இதன் விசைகளைத் தட்டியே கணிப்பொறி கற்றது. நம் நாட்டிற்கும் இதனோடு உறவு உண்டு. 1984ஆம் ஆண்டில் இந்திய அரசு பள்ளிகளுக்காகத் தொடங்கிய ‘கிளாஸ்’ என்னும் கணிப்பொறிக் கல்வித் திட்டத்தில் நம் மாணவர்கள் கைக்கு வந்தவையும் இவையே.

இதன் நினைவகம் 32 கிலோபைட்டு. இன்று உங்கள் கைப்பேசி எடுக்கும் ஒரு புகைப்படம்கூட அதனுள் அடங்காது. அப்படியானால் இதைப் பழுதுபார்ப்பானேன் என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். அதற்கு விடையாக ஒரு வரலாற்றைச் சொல்கிறேன்.

இங்கிலாந்தை வென்ற வில்லியம் மன்னன், தன் நாட்டின் நிலங்களையும் உடைமைகளையும் கணக்கெடுத்து 1086ஆம் ஆண்டில் ஒரு பெரும் பதிவேடு எழுதச் செய்தான். டூம்ஸ்டே ஏடு என்பது அதன் பெயர். அதன் 900ஆம் ஆண்டு நிறைவை ஒட்டி, 1986ஆம் ஆண்டில் பி.பி.சி. நிறுவனம் புதியதொரு டூம்ஸ்டே பதிவேட்டை உருவாக்கிற்று. பள்ளிப் பிள்ளைகள் உட்பட பத்து லட்சம் பேருக்கு மேல் இதில் பங்கு கொண்டனர். தங்கள் ஊர், தங்கள் தெரு, தாங்கள் உண்ணும் உணவு, ஆடும் விளையாட்டு ஆகியவற்றை எழுதி அனுப்பினர். அவையெல்லாம் லேசர் வட்டுகளில் பதியப்பட்டன. அவ்வட்டுகளைப் படிக்க, பி.பி.சி. மைக்ரோவின் தம்பியாகிய பி.பி.சி. மாஸ்டர் என்னும் கணிப்பொறியும் தனிவகை வட்டு இயக்கியும் வேண்டும். பதினைந்து ஆண்டுகள் கழிந்தன. வட்டுகள் இருந்தன, படிக்கும் பொறிகளோ அருகிப்போயின. ஒன்பது நூற்றாண்டுகளுக்கு முன் தோலில் எழுதிய ஏட்டை இன்றும் இலத்தீன் அறிந்தவர் படிக்கலாம். பதினைந்தே ஆண்டுகளுக்கு முன் குழந்தைகள் எழுதியதோ பூட்டிய பெட்டிக்குள் அகப்பட்ட கடிதம் போலாயிற்று.

ஏட்டுக்குக் கண் ஒன்றே போதும். மின்பதிவுக்குக் கண்ணோடு பொறியும் வேண்டும். பொறி இறந்தால் எழுத்தும் ஊமையாகும். பழைய கணிப்பொறியைப் பழுதுபார்ப்பவன், அதனுள் பேச்சிழந்து கிடக்கும் மனிதர்களின் குரலை மீட்கிறான். இதுவே முதற்பயன்.

இனி வேலைக்கு வருவோம். நம்முன் ஒரு பி.பி.சி. மைக்ரோ இருப்பதாக எண்ணிக்கொள்ளுங்கள். கூரை ஒழுகி மழைநீர் உள்ளே சென்றிருக்கிறது. திருகுகள் துருவேறியிருக்கின்றன. விசைகள் சில அழுந்தினால் எழுவதில்லை. நாம் முதலில் செய்ய வேண்டியது என்ன?

பலரும் செய்வது, மின்சாரத்தைப் பாய்ச்சி ‘வேலை செய்கிறதா பார்க்கலாம்’ என்பது. அதைத்தான் செய்யலாகாது. இதன் மின்வழங்கிப் பெட்டிக்குள், வானொலியில் கரகரப்பு எழாமல் தடுப்பதற்கென்றே இரு சிறு மின்தேக்கிகள் வைக்கப்பட்டுள்ளன. அவை உலோகம் பூசிய காகிதத்தாலானவை. ஆண்டுகள் செல்லச்செல்ல அவற்றின் மேலுறையில் நுண்ணிய வெடிப்புகள் தோன்றும். வெடிப்பின் வழியே ஈரம் புகும். இந்நிலையில் மின்சாரம் பாய்ந்தால் அவை வெடித்துப் புகை கக்கும். ஆதலின் அவற்றை மாற்றிய பின்னரே மின்இணைப்பைப் பற்றி நினைக்க வேண்டும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. அப்பெட்டிக்குள் உள்ள பெரிய மின்தேக்கியில், 240 வோல்ட் மாறுமின்சாரம் நேர்மின்சாரமாக மாறி, ஏறத்தாழ 340 வோல்ட் அழுத்தத்தில் தேங்கி நிற்கும். இணைப்பைப் பிடுங்கிய பின்னும் அது சிறிது நேரம் உயிரோடிருக்கலாம். பொறியை மீட்கப் போய் உயிரை இழப்பது அறிவுடைமை ஆகாது. மாணவர்கள் எவரும் இப்பெட்டியைத் தனியே திறக்கலாகாது. தொழில் அறிந்த பெரியவர் ஒருவர் உடனிருந்தே இதைச் செய்ய வேண்டும்.

இரண்டாவது பணி, கண்ணால் காண்பது. மூடியைக் கழற்றியதும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். எந்தக் கம்பி எங்கே சென்றது, எந்தத் திருகு எவ்விடத்தது என்று குறிப்பேட்டில் எழுதுங்கள். பிறகு மென்மையான தூரிகையால் தூசியை அகற்றி, ஐசோபுரோபைல் ஆல்கஹாலைக் கொண்டு சுற்றுப்பலகையைத் துடைத்து, நன்றாக உலரவிட வேண்டும். ஒளியை நோக்கிச் சாய்த்துப் பார்த்தால், செம்புத் தடங்களில் பச்சைப் பூஞ்சணம் போல் களிம்பேறியிருப்பது தெரியும். பின்னாளில் வந்த ஏகார்ன் ஆர்க்கிமிடீஸ் வரிசைப் பொறிகள் சிலவற்றில், பலகையின் மீதே பொருத்திய சிறு பேட்டரி ஒழுகித் தடங்களை அரித்துவிடுவதுண்டு. அக்கசிவு காரத்தன்மை உடையது. வேதியியல் வகுப்பில் நீங்கள் படித்த நடுநிலையாக்கல் இங்கே உதவும். வினிகரைத் தொட்டுத் துடைத்தால் காரம் அடங்கும். பிறகு தூய நீரால் கழுவி உலர்த்த வேண்டும். அறுந்த தடத்தை மெல்லிய கம்பியால் இணைத்துச் சாலிடர் வைக்கலாம்.

மூன்றாவது பணி, அளப்பது. பலகையோடு இணைக்காமல், மின்வழங்கிக்குத் தகுந்த மின்தடை ஒன்றைச் சுமையாகக் கொடுத்து முதலில் அதனை மட்டும் சோதிக்க வேண்டும். பலகைக்குத் தேவையான முதன்மை அழுத்தம் 5 வோல்ட். அது 4.75க்குக் குறையவும் கூடாது, 5.25ஐ மிஞ்சவும் கூடாது. பலகையிலும் 5 வோல்ட் தடத்திற்கும் புவித் தடத்திற்கும் இடையே குறுக்கிணைப்பு இல்லை என்று மல்டிமீட்டரால் அறிந்த பிறகே இரண்டையும் இணைக்க வேண்டும்.

இணைத்தாயிற்று. விசையைப் போடுகிறோம். நலமுள்ள பி.பி.சி. மைக்ரோ முதலில் தாழ்ந்த ஒலியும், தொடர்ந்து உயர்ந்த ஒலியுமாக இருமுறை குரல் கொடுக்கும். நம்முடைய பொறியோ ஒரே ஒலியை நிறுத்தாமல் எழுப்புகிறது. திரையில் எழுத்தில்லை. இந்த ஓலத்திற்குப் பொருள் என்ன? மின்சாரம் வந்தவுடன் ஒலிச்சில்லு தானாகவே ஒலிக்கத் தொடங்கும். அதை அடக்குவது 6502 என்னும் செயலியின் தொடக்க வேலைகளுள் ஒன்று. ஒலி அடங்கவில்லை என்றால், செயலி தன் வேலையைச் செய்யவில்லை என்று பொருள். ஆக, பழுது நமக்குச் செய்தி சொல்லிவிட்டது. செயலிக்கு மின்அழுத்தம் வருகிறதா? கடிகாரத் துடிப்பு வருகிறதா? கட்டளைகள் அடங்கிய சில்லு தன் பொருத்தில் சரியாக அமர்ந்துள்ளதா? ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். பல நேரங்களில் அச்சில்லின் கால்களில் படிந்த களிம்பே குற்றவாளி. கழற்றித் துடைத்து மீண்டும் அமர்த்தினால் ஓலம் அடங்கும்.

அதன் பின்னும் திரையில் எழுத்துகள் தவறாகத் தெரியலாம். இங்கேதான் கணக்கு நமக்குத் துணை செய்கிறது. இப்பொறியில் நினைவகச் சில்லுகள் பதினாறு. எட்டுச் சில்லுகள் சேர்ந்து 16 கிலோபைட்டு. ஒரு பைட்டில் எட்டு இலக்கங்கள். ஒவ்வோர் இலக்கத்தையும் ஒவ்வொரு சில்லு காக்கிறது. ஆங்கில ‘ஏ’ என்னும் எழுத்தின் எண் 65. இரும எண்ணில் அது 01000001. கடைசி இலக்கத்தைக் காக்கும் சில்லு பழுதாகி எப்போதும் சுழியையே தருமானால், 65 என்பது 64 ஆகிவிடும். ‘ஏ’ இருக்க வேண்டிய இடத்தில், இன்று மின்னஞ்சல் முகவரிகளின் நடுவே நீங்கள் காணும் குறி தோன்றும். 67 ஆகிய ‘சி’, 66 ஆகிய ‘பி’ என்று மாறும். ‘பி’ மட்டும் மாறாது நிற்கும். பதினாறில் எது குற்றவாளி என்பதைப் பிழையே காட்டிக்கொடுத்துவிடுகிறது அல்லவா? பழுது இருப்பது நினைவகத்தின் முற்பாதியிலா, பிற்பாதியிலா என்பதற்கும் விடை உண்டு. திரைக்குரிய எழுத்துகள் பிற்பாதியில் தங்குகின்றன. செயலியின் அன்றாடக் கணக்குகள் முற்பாதியின் தொடக்கத்தில் தங்குகின்றன. முற்பாதி கெட்டால் பொறி எழுந்திருப்பதே அரிது.

குற்றவாளி தெரிந்தது. இனி அதனை அகற்ற வேண்டும். சில்லு பலகையோடு சாலிடரால் பிணைக்கப்பட்டிருக்கிறது. அதை முழுதாகப் பெயர்க்க முயன்றால் தடங்கள் கிழியும். தேர்ந்த கைவினைஞர் சில்லின் கால்களைச் சிறு வெட்டியால் நறுக்கி உடலை எடுத்துவிட்டு, கால்களை ஒவ்வொன்றாகச் சூடுகாட்டி நீக்குவர். சில்லு அழிகிறதே என்று வருந்துவதில்லை. அதற்கு மாற்றுக் கிடைக்கும், பலகைக்குக் கிடைக்காது. எது அரிதோ அதனைக் காக்க, எளியதைத் துறப்பது இக்கலையின் நீதி. வெற்றிடத்தில் ஒரு பொருத்தியை வைத்து, புதுச் சில்லை அதில் செருகுவர். மீண்டும் ஒருநாள் மாற்ற நேர்ந்தால் சூடு காட்ட வேண்டியதில்லை.

மாணவர்களே, இத்தனை நேரம் சொன்னவற்றில் ஒரு முறை ஓடுவதைக் கண்டிருப்பீர்கள். ஆராய்வது முதலில், காரணம் காண்பது அடுத்து, மாற்றுவது கடைசியில். அதுவும் ஒரு நேரத்தில் ஒன்றே ஒன்று. ஐந்து சில்லுகளை ஒருசேர மாற்றியவனுக்குப் பொறி இயங்கினாலும், எதனால் இயங்கிற்று என்பது தெரியாது. அவனுக்குப் பொறி கிடைத்தது, அறிவு கிடைக்கவில்லை. திருக்குறளில் ‘மருந்து’ என்னும் அதிகாரத்தைப் படித்த மாணவர்க்கு இம்முறை புதிதன்று. ‘எல்லாம் போயிற்று’ என்று தோன்றும் பொறியில் உண்மையில் போனவை பெரும்பாலும் சிலவே. ஐம்பது உறுப்புகள் நலமாக இருக்க, இரண்டொன்றின் பழுது அனைத்தையும் மறைக்கிறது. பழமை செய்யும் கேட்டைவிட, அவசரக்காரன் செய்யும் கேடு பெரிது.

இன்னும் ஒன்று. மாற்றியதை மறைக்கலாகாது. எந்நாளில், எந்தப் பாகம், எதற்காக மாற்றப்பட்டது என்று ஒரு தாளில் எழுதிப் பெட்டிக்குள் வைக்க வேண்டும். நமக்குப் பின்னர் இதனைத் திறப்பவர், முன்னோர் செய்தது எது, நாம் செய்தது எது என்று அறிய வேண்டும். வரலாற்று ஆசிரியர்க்கும் பழுதுபார்ப்பவர்க்கும் இவ்வொழுக்கம் பொது.

எல்லாம் முடிந்து விசையைப் போடுகிறோம். தாழ்ந்த ஒலி ஒன்று; உயர்ந்த ஒலி ஒன்று. திரையில் ‘பி.பி.சி. கம்ப்யூட்டர் 32 கே’ என்னும் வரி. அதன்கீழே ‘பேசிக்’. அடுத்து, ‘என்ன கட்டளை?’ என்று கேட்பது போல் ஒரு சிறு குறி. பொறி பேசிவிட்டது.

அந்த டூம்ஸ்டே வட்டுகள் என்னவாயின என்று கேட்பீர்கள். 2002ஆம் ஆண்டில், லீட்ஸ், மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பழைய பொறியின் நடத்தையைப் புதிய கணிப்பொறியில் போலச் செய்து, வட்டில் இருந்தவற்றைப் படித்துக் காட்டினர். அப்பிள்ளைகள் எழுதியவை 2011ஆம் ஆண்டில் இணையத்தின் வழி மக்களுக்குத் திறக்கப்பட்டன. ஒன்றைக் கருதுங்கள். போலச் செய்வதற்கும், மூலப்பொறி எவ்வாறு நடந்தது என்று அறிந்தாக வேண்டும். இயங்கும் பொறி ஒன்றேனும் எஞ்சியிருந்தால்தான் போலி சரியா என்று ஒப்பிட முடியும். அத்தகைய பொறிகளை இங்கிலாந்தில் பிளெச்லி பார்க்கில் உள்ள தேசியக் கணிப்பொறி அருங்காட்சியகம் போன்றவை இயங்கும் நிலையில் பேணி வருகின்றன.

உங்கள் இல்லத்திலும் பழுதுற்ற பொருள் ஏதேனும் இருக்கும். பேட்டரியால் இயங்கும் சிறு வானொலிப் பெட்டியோ, சுவர்க் கடிகாரமோ, கணக்கிடும் கருவியோ எதுவாயினும் சரி. எறிவதற்கு முன் ஒரு மாலைப்பொழுதை அதற்குத் தாருங்கள். திறங்கள், பாருங்கள், எழுதுங்கள், அளந்தறியுங்கள். அது இயங்காமலே போகலாம். ஆயினும் ஏன் இயங்கவில்லை என்று அறிந்திருப்பீர்கள். அதுவும் ஒரு பாடமே.