வானத்துக்கு வேலி கட்டிய கைகள்



2025 மே மாத மோதலில் பாகிஸ்தான் ஏவிய டிரோன்களைத் தடுத்த ஆயுதங்களில் ஒன்று ‘ஆகாஷ்’ என்று அரசு அறிவித்தது. அந்த நாட்களில் டீக்கடையெல்லாம் அதே பேச்சு. பேசட்டும். அந்தக் கதையில் பாதி நம் பெங்களூரில் நடந்தது என்பதையும் சேர்த்துப் பேசுங்கள் என்கிறோம்.

ஆகாஷ் என்றால் என்ன? வானில் வரும் விமானத்தையும் டிரோனையும் தரையிலிருந்து பாய்ந்து அழிக்கும் ஏவுகணை. எடை சுமார் 720 கிலோ. சுமார் 25 கிலோமீட்டர் வரை எட்டும். ஓர் ஏவுமேடையில் மூன்று இருக்கும். மேடை, ரேடார், கட்டளை அறை எல்லாம் வண்டிகளில் ஏற்றப்பட்டவை. ஏன்? ஒரே இடத்தில் நின்றால் எதிரி குறி வைத்துவிடுவான். சுட்டதும் இடம் மாறுவதே அதற்குப் பாதுகாப்பு. சாலையிலும் போகும், நம் ரயிலிலும் ஏறும்.

இதற்குக் கண் ‘ராஜேந்திரா’ ரேடார். எதிரி எங்கே, நம் ஏவுகணை எங்கே என்று இரண்டையும் பார்த்து வழி சொல்வது அதுதான். அதை உருவாக்கியது இதே ஊரிலுள்ள எல்.ஆர்.டி.ஈ. ஆய்வகம். விமானப் படைக்கான தொகுதியை இணைத்துத் தந்தது, 1954இல் ஜாலஹள்ளியில் தொடங்கிய பாரத் எலெக்ட்ரானிக்ஸ். ஏவுகணையைச் செய்தது ஐதராபாத் பாரத் டைனமிக்ஸ். மூன்றும் அரசு நிறுவனங்கள்.

1983இல் ராமேசுவரத்து அப்துல் கலாம் தலைமையில் தொடங்கிய திட்டம் இது. 1990இல் முதல் சோதனை. படையில் முறையாகச் சேர்ந்தது 2015இல். 32 ஆண்டுகள்! தனியார் கம்பெனிகளும் பாகங்கள் செய்து தந்தன, மறுக்கவில்லை. ஆனால் வருடா வருடம் லாபக் கணக்குப் பார்க்கும் முதலாளி இத்தனை காலம் பணம் போட்டுக் காத்திருப்பானா?

போரைக் கொண்டாட இதைச் சொல்லவில்லை. குண்டு விழுந்தால் முதலில் சாகிறவன் எல்லையோர ஏழை. தடுக்கும் ஆயுதத்தைச் செய்தவன் உழைப்பாளி. அவன் கதியைப் பற்றித்தான் பேச வந்தோம்.

1980 டிசம்பரில் இந்த ஊரின் பொதுத்துறைத் தொழிலாளர்கள் 77 நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். நிரந்தர வேலை இருந்ததால் நிமிர்ந்து நின்றார்கள். ஒரே பட்டறையில் முப்பது வருடம் இருந்ததால் கைத்திறனும் வளர்ந்தது. இன்று? ஐ.டி.ஐ. படித்த நம் பிள்ளைகள் பயிற்சி முடிந்ததும் ஒப்பந்தக்காரன் வாசலில் நிற்கிறார்கள். ஒரே மேசையில் ஒரே வேலை, இரண்டு சம்பளம். ஒப்பந்த முறையைத் தடை செய்தாலும் வேலை தானாக நிரந்தரமாகாது என்று 2001இல் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. ஆகவே சட்டம் பார்த்துக்கொள்ளும் என்று உட்கார முடியாது. சங்கமாகச் சேர்ந்துதான் கேட்க வேண்டும்.

கேட்பது இதுதான்: வருடம் முழுவதும் நடக்கும் வேலைக்கு நிரந்தர ஆள். அதுவரை சம வேலைக்குச் சம ஊதியம்.

தாய்மார்களே! பிள்ளைகளின் சம்பளச் சீட்டு, பி.எஃப். எண், இ.எஸ்.ஐ. அட்டை, வேலை உத்தரவு எதையும் தூக்கிப் போடாதீர்கள். நாளை வழக்கென்று வந்தால் அந்தக் காகிதம்தான் சாட்சி சொல்லும்.

எதிரிக்குச் சிக்காமலிருக்க ஏவுமேடை இடம் மாறலாம். அதைச் செய்கிற தொழிலாளியை வருடத்துக்கு ஒரு வாசலாக அலைய விடலாமா? நாட்டுக்குக் காவல் வேண்டும் என்பவர்கள் பதில் சொல்லட்டும்.