கல்நார்த் தூசியும் தொழிலாளியின் உரிமையும்



நம் குடியிருப்புகளில் ஓலைக் கூரை மறைந்து கல்நார்க் கூரை ஏறியபோது நாம் மகிழ்ந்தோம். கொளுத்தப்பட்ட குடிசைகளைக் கண்டவர்கள் நாம், அம்மகிழ்ச்சியில் பிழையில்லை. ஆயினும், ஆலையில் கல்நார் மூட்டையைப் பிரித்துக் கொட்டியவர் யார், தகட்டை அறுத்தவர் யார், உடைந்த துண்டுகளை அள்ளியவர் யார் என்று நாம் கேட்டோமில்லை. இத்தகைய தூசிவேலைகள் ஒப்பந்தக் கூலிகளின் தலையில் விழுவதே வழக்கம். அக்கூலிகளாய்ச் செல்வோர் யாவர் என்பதை இவ்வவைக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை.

கல்நாரின் நுண்ணிழைகள் கண்ணுக்குப் புலப்படா. அவை நுரையீரலில் தங்கி, அதை வடுவாக்கி, மூச்சை இறுக்குகின்றன. இதுவே ஆஸ்பெஸ்டோசிஸ். நுரையீரற் புற்றும், மீசோதெலியோமா என்னும் உறைப்புற்றும் இவற்றால் வருவனவே. நோய் வெளிப்பட இருபது முதல் நாற்பது ஆண்டுகளும் ஆகலாம்.

இங்குதான் சட்டத்தின் இடர் இருந்தது. 1923ஆம் ஆண்டின் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் ஆஸ்பெஸ்டோசிஸைத் தொழில்நோய்களின் பட்டியலில் வைத்திருந்தது. ஆனால் கோரிக்கைக்கு இரண்டாண்டுக் கெடு விதித்திருந்தது. தக்க காரணம் காட்டினால் ஆணையர் காலதாமதத்தைப் பொறுத்துக்கொள்ளலாம் என்பதே ஆறுதல். நாற்பதாண்டு நோய்க்கு இரண்டாண்டுக் கெடு! சட்டம் எழுதியவர்கள் இருமியறியாதவர்கள் போலும்.

அகமதாபாத்தின் நுகர்வோர் கல்வி ஆய்வு மையம், அண்ணல் அம்பேத்கர் அரசியலமைப்பின் உயிராகக் கருதிய 32ஆம் பிரிவின்கீழ் உச்ச நீதிமன்றத்தை அணுகியது. 1986ஆம் ஆண்டின் அம்மனுவுக்கு 1995 ஜனவரியில் தீர்ப்பு வந்தது. பணியிலிருக்கும்போதும் பணி நீங்கிய பின்னரும் உடல்நலமும் மருத்துவமும் தொழிலாளியின் அடிப்படை உரிமை என்று நீதிமன்றம் கூறிற்று. பணியில் சேர்ந்த நாளிலிருந்து 40 ஆண்டுகள், அல்லது பணி நீங்கியபின் 15 ஆண்டுகள், இவற்றுள் எது பிந்தியதோ அதுவரை ஒவ்வொரு தொழிலாளியின் உடல்நலப் பதிவேட்டையும் ஆலைகள் காத்து வைக்க வேண்டும் என்று ஆணையிட்டது. அவ்வழக்கில் நோய் உறுதியாகும் தொழிலாளர் ஒவ்வொருவருக்கும் ஒரு இலட்சம் ரூபாய் தரவும் பணித்தது.

2025 நவம்பர் 21 முதல் பழைய சட்டத்தின் இடத்தில் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்துள்ளது. அதன் பட்டியலிலும் இந்நோய் உண்டு. தொழிலாளி இந்நோயால் மாண்டால், அவரை நம்பி வாழ்ந்த மனைவியும் இளம் பிள்ளைகளும் இழப்பீடு கோரலாம். ஈ.எஸ்.ஐ. காப்பீடு பெற்றவராயின் அவ்வழியே குடும்பத்திற்கு உதவித்தொகை கிட்டும்.

கணவனின் தூசி படிந்த சட்டையை உதறித் துவைத்தே நோயுற்ற பெண்ணின் நிலை வேறு. அவர் ஆலையின் தொழிலாளி அல்லர். ஆகவே இவ்வழி அவருக்கு அடைபட்டிருக்கிறது. உரிமையியல் நீதிமன்றத்தில் கவனக்குறைவை நிறுவி ஈடு கேட்பதே அவருக்குள்ள பாதை. அது நெடியது, செலவும் மிக்கது. இக்குறை நீங்க நாம் குரல் எழுப்பியாக வேண்டும்.

இளைஞர்களே, வழக்குகள் பெரும்பாலும் சான்றின்மையால் தோற்கின்றன. ஒப்பந்தக் கூலியின் பெயர் ஆலையின் வருகைப் பதிவேட்டில் இராது. ஆகவே, தந்தையாரின் அடையாள அட்டை, கூலிச் சீட்டு, பி.எஃப். எண், மார்பு எக்ஸ்ரே எதையும் எறியாதீர்கள். உடன் வேலை செய்தவர்களின் பெயரையும் எழுதி வையுங்கள். மருத்துவரிடம், என்ன வேலை செய்தார், எத்தனை ஆண்டு செய்தார் என்பதைச் சொல்லிக் குறிக்கச் செய்யுங்கள். இல்லையேல் காசநோய் என்று எழுதி அனுப்பிவிடக்கூடும். நோய் தெரிந்தவுடன், நாள் கடத்தாமல் வழக்கறிஞரை அணுகுங்கள்.

அத்தாள்களின் படிகளைக் காத்து வைப்பதற்குக் கழக நூலகத்தின் இரும்பு அலமாரியில் ஒரு தட்டினை ஒதுக்கியிருக்கிறோம். திறவுகோல் நூலகரிடம் உள்ளது.