பிழை களைதலும் பொருள் காத்தலும்

(நம் சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



தமிழ்ச் சங்க மேடையில் ஆங்கில வாக்கியத்தைத் திருத்துவது பற்றிய பேச்சா என்று சிலர் வியக்கக் கூடும். நம் நிலையைச் சற்றே எண்ணிப் பாருங்கள். இல்லத்தில் தமிழ், கடைவீதியில் தெலுங்கும் உருதுவும், அலுவலகத்தில் ஆங்கிலம். விடுமுறையும் இடமாற்றமும் ஓய்வூதியமும் பெரும்பாலும் ஓர் ஆங்கில மனுவின் வழியாகவே நம்மை வந்தடைகின்றன. யாம் மெட்ரிகுலேஷனோடு படிப்பை நிறுத்தி, இரயில்வேக் கோப்புகளிடையே ஆங்கிலம் பயின்றவர்கள். ஆயினும் அன்பர்கள் தம் மனுக்களைக் கொணர்ந்து, 'கொஞ்சம் திருத்திக் கொடுங்கள்' என்று கேட்பதுண்டு. அப்பணியில் யாம் கண்டுணர்ந்தவற்றையே இன்று கூற விழைகின்றோம்.

நன்னூலார் திணை, பால், இடம், காலம், வினா, விடை, மரபு என வழுக்களை ஏழாக வகுத்தார். இவ்வறிவு ஆங்கிலத்திற்கும் விளக்காகும். 'நேற்று வந்திருந்தேன்' என்பதை எண்ணிக்கொண்டு, 'ஐ ஹேட் கம் யெஸ்டர்டே' என்று எழுதுகிறோம். ஆங்கிலத்தில் அவ்வடிவம், கடந்த நிகழ்ச்சி ஒன்றற்கும் முற்பட்டதைக் குறிப்பது. வெறும் 'கேம்' போதும். இது கால வழு. 'ஒன் ஆஃப் மை ஃபிரண்ட்' என்பது எண் பற்றிய வழு. பலருள் ஒருவர் ஆதலின் 'ஃபிரண்ட்ஸ்' என்றே வரல் வேண்டும்.

மரபு வழுவே மிக நுண்ணியது. யானையை நடத்துவோனைப் பாகன் என்கிறோம். ஆட்டை மேய்ப்போனை இடையன் என்கிறோம். மாற்றிச் சொன்னால் இலக்கணம் இடறாது, மரபு இடறும். நம் ஐதராபாத்திலோ இதற்கு நாள்தோறும் சான்று காணலாம். தேர்வு ஒன்றே, தமிழர் அதனை எழுதுகிறோம், உருது பேசுவோர் அதனைக் கொடுக்கின்றனர், ஆங்கிலேயர் அதனை எடுக்கின்றனர். அவரவர் மொழிமரபை ஆங்கிலத்திற் புகுத்துவதால், ஒரே தெருவில் ஒரு பிள்ளை தேர்வை 'ரைட்' செய்கிறான். அடுத்த வீட்டுப் பிள்ளை 'கிவ்' செய்கிறான். இருவரும் அறிவிலிகள் அல்லர். தம் தாய்மொழிக்கு உண்மையானவர்கள். இதனை உணர்ந்தவர் பிழை கண்டு நகையார்.

இத்தகைய பிழைகளால் பெருங்கேடு இல்லை. பொருளைப் புரட்டிவிடும் பிழைகள்தாம் அஞ்சத் தக்கவை. 'டவுட்' என்னும் சொல்லைக் கொள்க. பெட்டியின் பூட்டை யாரோ உடைத்திருக்க வேண்டும் என ஐயுறும் ஒருவர், இழப்பீடு கோரும் மடலில், 'ஐ டவுட் தட் தி லாக் வாஸ் புரோகன்' என்று எழுதுகிறார். ஆங்கில மரபில் இதற்குப் பொருள், 'பூட்டு உடைக்கப்பட்டதென யான் நம்பவில்லை' என்பதாம்! அவர் வேண்டியது 'சஸ்பெக்ட்' என்னும் சொல். நம் 'சந்தேகம்' இரண்டையும் தழுவும். ஆங்கிலம் இரண்டாகப் பிரிக்கிறது. ஒரு சொல்லால் அவர் தம் வழக்கிற்குத் தாமே எதிர்ச்சாட்சி ஆகிறார்.

'எ' என்னும் ஓரெழுத்தும் அத்தகையதே. 'எ ஃப்யூ கம்ப்ளெயின்ட்ஸ்' என்றால் சில குறைகள் வந்தன என்பது கருத்து. 'எ' நீங்கி 'ஃப்யூ' மட்டும் நின்றால், குறைகள் வந்தனவே அரிது என்றாகும். இனி, 'வாக்கிங் ஆன் தி பிளாட்ஃபாரம், தி பாக்ஸ் வாஸ் ஃபவுண்ட்' என்று எழுதினால் நடந்தது பெட்டியே என்றாகிறது. 'மேடையில் நடந்து, பெட்டி காணப்பட்டது' என்று தமிழில் எழுதுவோமா? செய்து என்னும் எச்சம் தன் வினைமுதலின் வினை கொண்டு முடியும் என்பது நம் இலக்கண விதி அன்றோ? தமிழிலக்கணம் அறிந்தவர்க்கு ஆங்கிலம் பாதி எளிது என்பது எம் துணிபு.

பிழை மலிந்தும் பொருள் வென்ற கதை ஒன்று இரயில்வேயில் உண்டு. 1909-ஆம் ஆண்டில் ஒகில் சந்திர சென் என்னும் வங்காளப் பயணி, அகமதுபூர் நிலையத்தில் இயற்கைக் கடனுக்கு இறங்கியபோது வண்டி புறப்பட்டுவிட்டதென்று சாகிப்கஞ்சு அலுவலகத்திற்கு எழுதினார் என்பர். புதுதில்லி இரயில் காட்சிசாலையில் வைக்கப்பட்ட அம்மடலில் இலக்கணம் தடுமாறுகிறது. ஆனால் அவர் பட்ட பாடு ஒருவர்க்கும் விளங்காமற் போகாது. வண்டிகளில் கழிப்பறை அமைய அதுவே தூண்டுகோல் என்றும் கூறுவர்.

திருத்துவோர்க்கு இலக்கணமாய் விளங்கியவர் வலங்கைமானிற் பிறந்த வி. எஸ். சீனிவாச சாஸ்திரியார். திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியின் தலைமையாசிரியராய் இருந்தவர். பின்னர் ஆங்கிலப் பேச்சாற்றலால் உலகப் புகழ் எய்தியவர். காந்தியடிகள் குசராத்தியில் எழுதிய தன்வரலாற்றை மகாதேவ தேசாய் ஆங்கிலமாக்கினார். 1940-இல் வெளிவந்த இரண்டாம் பதிப்பின் ஆங்கில நடையைப் பெரியார் ஒருவர் செப்பனிட்டார் என்றும், தம் பெயரை வெளியிடலாகாது என்பதே அவர் இட்ட நிபந்தனை என்றும் தேசாய் முன்னுரையிற் குறித்தார். அவர் சாஸ்திரியாரே என்பதைப் பின்னர் உலகம் அறிந்தது. இன்று அந்நூலைப் படிப்போர்க்குக் கேட்பது காந்தியடிகளின் குரல். சாஸ்திரியாரின் குரல் அன்று. திருத்துவோன் மறைய, எழுதியவன் விளங்குவதே நல்ல திருத்தம்.

நம் நகர்க்கும் இத்துறையில் உரிமை உண்டு. ஆங்கில ஆசிரியர்களைப் பயிற்றுவதற்கென மத்திய ஆங்கில நிறுவனம் 1958-இல் ஐதராபாத்தில் தோன்றியது. 1972-இல் பிறநாட்டு மொழிகளும் சேர்ந்தன. 2007-இல் அது மத்தியப் பல்கலைக்கழகம் ஆயிற்று. இங்கு வாழும் நம் பிள்ளைகள் அதன் பயனைக் கொள்ளல் வேண்டும்.

இனி, மனு திருத்தும் அன்பர்க்குச் சில சொற்கள். முதலில் முழுவதும் படியுங்கள். பின்னர் எழுதியவரை அருகில் அமர்த்தி, 'தாங்கள் சொல்ல வந்தது யாது?' என்று தமிழிற் கேளுங்கள். பொருட்பிழையை முதலிலும், இலக்கணப் பிழையை அடுத்தும், மரபுப் பிழையை இறுதியிலும் களையுங்கள். அவர் சொல்லாத பணிவையும் சினத்தையும் நீங்கள் சேர்க்காதீர்கள்; அவருடைய எளிய சொல்லை அணிசெய்து கெடுக்காதீர்கள். 'ப்ரீபோன்' போன்று நம் நாட்டில் வேரூன்றி அகராதியிலும் இடம்பெற்ற சொற்களை வழுவமைதியாகக் கொண்டு விட்டுவிடுங்கள். முடிவில் முழு மனுவையும் தமிழிற் பெயர்த்துச் சொல்லி, 'ஆம், இதுவே என் கருத்து' என்று அவர் கூறிய பின்னரே கையெழுத்திடச் செய்யுங்கள். கையெழுத்து அவருடையது; வரும் நலமும் தீங்கும் அவருடையவை.

ஊர்விட்டு வந்த தமிழர் ஒருவர் பிழைக்கு அஞ்சி, நியாயமான கோரிக்கையை எழுதாமலே விட்டுவிடுவாராயின், அவ்விழப்பு இலக்கணப் பிழையினும் பெரிது. அவ்வச்சத்தைப் போக்குவதும் இச்சங்கத்தின் கடமை. பேனாவோடு ஒருவர் தயங்கி நிற்கக் கண்டால், அருகிற் சென்று அமருங்கள் என்று வேண்டி அமைகின்றோம்.

வாழ்க தமிழ்!