மறுமொழியும் பிரதியும்

கடிதம் என்பது இருவரிடையே நிகழும் பேச்சு எனக் கூறுவர். அலுவலகக் கடிதத்துக்கு அக்கூற்று முழுதும் பொருந்தாது. எழுதுபவர் ஒருவர், பெறுபவர் ஒருவர். அச்செய்தியை அறிந்திருக்க வேண்டியவரோ பலர். ஆதலாற்றான் இலங்கையின் அரச கடிதங்களில் கையொப்பத்துக்குக் கீழே "பிரதி" என்னும் சொல்லும், சில பதவிப் பெயர்களும், "தகவலுக்காக" அல்லது "தேவையான நடவடிக்கைக்காக" என்னும் குறிப்பும் இடம்பெறுகின்றன.

தட்டச்சுப் பொறியின் காலத்தில் இப்பிரதிகளைத் தந்தது காபன் தாள். இங்கிலாந்தில் ரால்ஃப் வெட்ஜ்வுட் என்பார் 1806 ஆம் ஆண்டில் அத்தகைய மைத்தாளுக்கு உரிமம் பெற்றார். பின்னாளில் அது தட்டச்சுப் பொறியோடு சேர்ந்து கந்தோர்கள் எங்கும் புகுந்தது. மேல்தாள் பெறுநருக்கு, அடுத்த தாள் மேலதிகாரிக்கு, கடைசித் தாள் கோவைக்கு. எந்தத் தாள் எவரிடம் போகவேண்டும் என்பதை இலிகிதர் தம் கையாலேயே பிரித்துவைத்தார்.

ரே தொம்லின்சன் 1971 இல் ஒரு கணினியிலிருந்து மற்றொரு கணினிக்கு வலையமைப்பு வழியே மடல் அனுப்பிக் காட்டினார். 1977 இல் ஆர்ப்பா வலையமைப்புக்கென வகுக்கப்பட்ட மடல் விதிகளிலே 'சீ.சீ.', 'பீ.சீ.சீ.' என்னும் இரு பகுதிகளும் இடம்பெற்றன. முன்னதன் பெயரில் இன்றும் ஒட்டிக்கொண்டிருப்பது பழைய காபன் தாளே. 'சீ.சீ.'யில் உள்ள பெயர்களை எல்லோரும் காண்பர், 'பீ.சீ.சீ.'யில் உள்ள பெயர்களை மற்றப் பெறுநர் காணார். இலங்கையில் பல்கலைக்கழகங்களுக்கான லேர்ன் வலையமைப்பின் மின்னஞ்சற் சேவை 1990 இல் ஆரம்பமாயிற்று. இன்றோ மின்னஞ்சல் இல்லாத பாடசாலை அலுவலகம் அரிது. பிரதி இருக்கிறது, அதைப் பிரித்துவைத்த கைதான் இல்லை. அக்கையின் பணியைக் கணினியின் அமைப்புகள் செய்யவேண்டும். அவற்றை ஒருவர் அமைத்தாலன்றி அது நிகழாது.

கொட்டாஞ்சேனையில் ஒரு பாடசாலை அலுவலகம் இருப்பதாகக் கொள்வோம். பரீட்சைக்குத் தோற்றும் மாணவருள் விசேட வசதி வேண்டுவோர் உளரா என்று மேலிடத்திலிருந்து மடல் ஒன்று வருகின்றது. நாற்பது பாடசாலைகளின் முகவரிகள் அதன் 'சீ.சீ.' வரிசையில் நிற்கின்றன. மாணவன் ஒருவனுக்குள்ள வலிப்பு நோயையும், அவனுடைய பெயரையும், வைத்தியரின் கடிதத்தையும் சேர்த்து மறுமொழி எழுதிய இலிகிதர், அவசரத்தில் 'ரிப்ளை ஓல்' என்பதை அழுத்திவிடுகிறார். அந்த நொடியில் ஒரு பிள்ளையின் நோய் நாற்பது அலுவலகங்களுக்குத் தெரிந்துவிடுகிறது. போன மடலை மீட்டெடுக்க உறுதியான வழி கிடையாது. துறைமுகத்திற் கூலிவேலை செய்யும் தகப்பன் எவருக்கும் சொல்லாது காத்துவந்த செய்தி அது.

இன்னொன்றையும் எண்ணிப்பார்க்கலாம். அந்த இலிகிதர் தமது சொந்த முகவரியிலிருந்தே மறுமொழிகளை அனுப்பிவந்தார். பின் இடமாற்றம் பெற்றுச் சென்றார். ஆறு மாதங் கழித்துத் தகப்பன் வந்து, "ஐயா, மகனுடைய விண்ணப்பத்துக்கு என்ன பதில் போனது?" என வினவுகிறார். கோவையில் ஒன்றும் இல்லை. 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டம், அச்சட்டம் நடைமுறைக்கு வந்தபின் உருவாகும் பதிவேடுகளைப் பகிரங்க அதிகாரசபைகள் 12 ஆண்டுகளுக்குக் குறையாது பேணவேண்டும் என்கிறது. அந்தத் தகப்பனுக்கு மறுமொழியின் பிரதி ஒரு சலுகையன்று, அவருடைய உரிமை.

முதலாவது தவறு பிரதி மிகுந்ததால் வந்தது. இரண்டாவது பிரதி இன்மையால் வந்தது. இரண்டுக்கும் பரிகாரம் மேசைக் கணினியின் மடற்செயலியிலேயே உண்டு. தண்டர்பேர்ட் என்னும் இலவசச் செயலியை உதாரணமாகக் கொள்ளலாம். அதன் 'அக்கவுண்ட் செட்டிங்ஸ்' பகுதியில் 'கொப்பீஸ் அண்ட் போல்டர்ஸ்' என ஒரு பக்கம் உண்டு. அனுப்பும் ஒவ்வொரு மடலின் பிரதியும் எந்தக் கோப்புறையிற் சேரவேண்டும் என்பதை அங்கே குறிக்கலாம். மறுமொழியை, அது எந்த மடலுக்கு எழுதப்பட்டதோ அந்த மடல் இருக்கும் கோப்புறையிலேயே சேர்க்கும் ஏற்பாடும் அங்குண்டு. கேள்வியும் விடையும் ஒரே கோவையில் இருப்பது போன்றது இது. பாடசாலையின் பொது முகவரிக்குத் தானாகவே 'பீ.சீ.சீ.' போகும்படியும் செய்யலாம். 'ரிப்ளை டு' என்னும் இடத்தில் அப்பொது முகவரியை இட்டுவைத்தால், வரும் மறுமொழிகளும் அங்கேயே சேரும். எழுதியவர் மாறினாலும் கோவை மாறாது.

மடல்களைக் கணினிக்கு இறக்கிவைக்கும் 'பொப்' முறையில் அனுப்பிய பிரதி வழக்கமாக அந்த ஒரு கணினியிலேயே தங்கும். கணினி பழுதுற்றால் பிரதியும் போகும். சேவையகத்தில் வைத்திருக்கும் 'ஐமப்' முறை அலுவலகத்துக்கு ஏற்றது.

'ரிப்ளை ஓல்' குறித்து ஒரு பழக்கமும் வேண்டும். கொன்ட்ரோல் விசையுடன் 'ஆர்' எழுத்தை அழுத்தினால் மறுமொழி ஒருவருக்கே போகும். 'சிப்ட்' விசையும் சேர்ந்தாற்றான் எல்லோருக்கும் போகும். முன்னையதையே கைக்குப் பழக்கிக்கொள்ளுதல் நன்று. உலாவி வழியே ஜீமெயிலைப் பயன்படுத்துவோர், இயல்பான மறுமொழி ஒருவருக்கா எல்லோருக்குமா என்பதை அதன் அமைப்புகளில் தெரிந்துகொள்ளலாம். மறைபிரதியாக மடல் பெற்றவர் எல்லோருக்கும் மறுமொழி எழுதினால், மறைவில் இருந்த அவர் தாமே வெளிப்பட்டுவிடுவார். அனுப்பியவருக்கும் அதனாற் சங்கடம் நேரும்.

எல்லோருக்கும் எழுதுதல் எப்போதும் குற்றமன்று. வெள்ளவத்தையில் தனித்திருக்கும் முதியவர் ஒருவர் லண்டனிலும் ரொறன்ரோவிலும் உள்ள பிள்ளைகளுக்கு வைத்தியர் சொன்னதை எழுதுகிறார் எனில், அண்ணன் அறிந்ததைத் தங்கையும் அறிவதே நலம். அங்கே ஒருவருக்கு மட்டும் போகும் மறுமொழிதான் மனத்தாங்கலை விளைக்கும். இடம் நோக்கித் தெரிவு மாறுகிறது. தெரிவு செய்யவேண்டிய பொறுப்பு மாறுவதில்லை.

காபன் தாளை வைத்த இலிகிதர், தாளை உருளையிற் செருகுமுன்னரே எத்தனை பிரதி, எவருக்கு என எண்ணிக்கொண்டார். மடற்செயலியில் எண்ணாமலே எழுதிவிடலாம். எண்ணாமலே அனுப்பியும் விடலாம். அரைமணி நேரம் செலவிட்டு அதன் அமைப்புகளை ஒழுங்குசெய்யும் அலுவலகத்தில், தகப்பன் கேட்கும் விடை கோவையில் இருக்கும். பிள்ளையின் நோய் அறியவேண்டியவரோடு நிற்கும்.