எடுத்த இரத்தத்துக்குப் பதில் எங்கே?



ஏற்காட்டு மலையாளிகள் கேரளத்தவர் அல்ல. தமிழ் பேசும் பழங்குடிகள். 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாடு முழுவதும் 3,57,980 பேர். மாநிலத்தின் மிகப்பெரிய பழங்குடிச் சமூகம். மருத்துவக் கல்லூரி ஆசிரியர்களும் மாணவர்களும் ஆய்வுக்காக இவர்களைத் தேடி மலையேறுவது நல்லதுதான்.

ஆனால் நீலகிரியை மறக்காதீர்கள். அங்குள்ள பழங்குடிகளின் இரத்தத்தில் அரிவாள் செல் இருப்பதை லெஹ்மன், கட்புஷ் இருவரும் 1952இல் எழுதிவிட்டார்கள். அந்த நோயை ஒழிக்கும் தேசியத் திட்டம் 2023இல்தான் வந்தது. 71 ஆண்டுகள்!

நானும் ஆய்வு மாணவன்தான். ஆய்வேட்டின் அவசரம் தெரியும். அதனால்தான் கேட்கிறேன்: கைநாட்டு வாங்குமுன் புரியும்படி விளக்குங்கள். முடிவை முதலில் அந்த ஊருக்குச் சொல்லுங்கள். நோய் தெரிந்தால், சிகிச்சை கிடைக்கும்வரை உடனிருங்கள். எடுத்த இரத்தத்துக்குப் பதில் சொல்வது தொண்டு அல்ல, கடன்.