நிற்க வேண்டிய நேரத்தில் நிற்க வேண்டும்
(சங்கக் கிளைக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



தேயிலைத் தொழிற்சாலையின் பாதுகாப்பைப் பேச வந்த நாம் யாழ்ப்பாணத் தீவுகளிலிருந்து தொடங்குகிறோம். காரணம் உண்டு.

நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு, எழுவைதீவு மக்களுக்கு நெடுங்காலம் டீசல் மின்பிறப்பாக்கிதான் வெளிச்சம் தந்தது. எழுவைதீவில் பிறகு காற்று, சூரிய ஒளி, பற்றரி, டீசல் நான்கையும் சேர்த்து மின்சாரம் எடுத்தார்கள். மற்ற மூன்று தீவுகளுக்கும் இந்தியாவின் 1 கோடியே 10 இலட்சம் டொலர் நன்கொடையில் இப்படியொரு திட்டத்துக்கு 2024 மார்ச்சில் ஒப்பந்தம் கையெழுத்தானது.

மேகம் மறைத்தால் சூரிய மின்சாரம் குறையும். காற்று திடீரென்று ஓங்கும், விழும். இதையெல்லாம் ஒரு கணினி பார்த்துச் சமப்படுத்துகிறது. அந்தக் கணினியே பிழைத்தால்? பற்றரி கொதித்துத் தீப்பிடிக்கலாம். காற்றாடி அளவுமீறிச் சுழன்று உடையலாம். ஆகவே சூடு மீறினால் பற்றரியைத் துண்டிக்கவும், வேகம் மீறினால் காற்றாடியை நிறுத்தவும் தனிக் காவல் வேண்டும். பிழை நேரும்போது சரியாக வேலை செய்யும் இந்தக் காவலுக்குச் செயற்பாட்டுப் பாதுகாப்பு என்று பெயர். ஐ.ஈ.சி. 61508 என்ற சர்வதேச நியமம் இதற்கென்றே இருக்கிறது.

அதிலிருந்து நாம் எடுக்க வேண்டியவை மூன்று. ஓட்டுகிற கருவி வேறு, காக்கிற கருவி வேறாக இருக்க வேண்டும். காவல் கருவியின் கம்பி அறுந்தால்கூட இயந்திரம் நிற்க வேண்டும், ஓடக்கூடாது. காவல் வேலை செய்கிறதா என்று தவணை தவறாமல் சோதிக்க வேண்டும்.

சோதிக்காமல், பழுது பார்க்காமல் விட்டால் என்னவாகும் என்பதைப் போபால் காட்டியது. 1984 டிசம்பர் 2 நள்ளிரவு யூனியன் கார்பைட் ஆலையில் விஷவாயு கசிந்தது. குளிரூட்டும் பிரிவு முன்பே நிறுத்தப்பட்டிருந்தது. வாயுவை எரிக்கும் கோபுரத்தின் குழாய் கழற்றப்பட்டிருந்தது. காவல்கள் பெயருக்கு இருந்தன, ஆயிரக்கணக்கானோர் மாண்டார்கள்.

இப்போது நம் தொழிற்சாலைக்கு வருவோம். ரோலர், ட்ரையர் சங்கிலி, சல்லடை, பெல்ட். துப்புரவுக்குக் கழற்றிய மூடி திரும்பப் பூட்டப்படுகிறதா? நிறுத்தும் பொத்தான் கைக்கெட்டும் தூரத்தில் உள்ளதா? “வேலை தாமதமாகுது” என்று அதைச் செயலிழக்க வைக்கிறார்களா? கை சிக்கினால் “தொழிலாளியின் கவனயீனம்” என்று எழுதிவிடுவார்கள். இரவு வேலையில் எந்த மனிதனுக்கும் கண் சொருகும். அது தெரிந்துதானே மூடியே வைத்தார்கள்? ஆபத்தான பாகங்களுக்கு வேலியிட வேண்டும் என்று 1942ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டமும் சொல்கிறது. அது நிர்வாகத்தின் கடமை.

நம் கோரிக்கைகள் இவை: மூடியில்லாத இயந்திரம் ஓடக்கூடாது. துப்புரவின்போது மின்சாரம் துண்டிக்கப்பட்டு, பூட்டின் சாவி உள்ளே கைவைப்பவரிடமே இருக்க வேண்டும். நிறுத்தும் பொத்தானை வாரந்தோறும் தொழிலாளி முன்னிலையில் சோதித்துப் பதிய வேண்டும். ஆபத்தைக் கண்டு இயந்திரத்தை நிறுத்தியவருக்குப் பேர் வெட்டக்கூடாது.

தோழர்களே, இந்த வாரமே ஒவ்வொரு கிளையும் இருவரைத் தெரிந்தெடுத்து, கழன்ற மூடிகளையும் வேலை செய்யாத பொத்தான்களையும் எழுதித் தாருங்கள். அந்தப் பட்டியலோடு நிர்வாகத்திடம் போவோம். யாருடைய கையும் சிக்குவதற்கு முன்பே போவோம்.